மாநில மறுசீரமைப்பும் ஆசிரியர் தகுதி மாற்றமும்: நாஞ்சில் நாட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மாநிலத்தில் பெற்ற ஆசிரியர் தகுதியை மற்றொரு மாநிலம் எவ்வாறு ஏற்கிறது என்னும் வினா, பொதுவாக இடம்பெயரும் ஆசிரியரை முன்வைத்தே எழுப்பப்படுகிறது. 1956 நவம்பர் 1 அன்று அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்திற்கு மாற்றப்பட்டபோது, ஆசிரியர்கள் தம் பள்ளியிலேயே இருக்க, அரசும் சட்டமும் பல்கலைக்கழகமும் மாறின. இம்மாற்றத்தில் ஆசிரியரின் பதவி, தகுதி, அவர் பணியாற்றிய பள்ளியின் ஏற்பு, கற்பித்த மொழி ஆகியன எவ்வெவ்வாறு எல்லை கடந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அன்று பதவியைச் சட்டம் கடத்தியது. தகுதி நிர்வாகத்தின் ஒப்பீட்டிற்கு விடப்பட்டது. இன்று தகுதிக்கு நாடளாவிய வரையறை உண்டு; பதவி எல்லை கடப்பதில்லை. இத்தலைகீழ் மாற்றத்தை விளக்குவதே கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்

நாஞ்சில் நாடு, கன்னியாகுமரி மாவட்டம், மாநில மறுசீரமைப்புச் சட்டம், ஆசிரியர் தகுதி, உதவிபெறும் பள்ளி, மொழிச் சிறுபான்மையினர்

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்துடன் இணைந்த வரலாறு, பெரும்பாலும் அரசியல் போராட்ட வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தோற்றம், மார்ஷல் நேசமணியின் தலைமை, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடு, பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் 1955ஆம் ஆண்டு அறிக்கை ஆகியன இவ்வரலாற்றின் நன்கறிந்த படிநிலைகள். இணைப்பு நிறைவேறியதோடு இவ்வரலாறுகள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. இணைப்பிற்கு மறுநாள் காலையில் பள்ளிக்குச் சென்ற ஆசிரியரின் நிலை என்னவாயிற்று என்பது தனியே எழுப்பத்தக்க வினாவாகும்.

நாஞ்சில் நாடு என்பது வரலாற்று வழக்கில் அகத்தீஸ்வரம், தோவாளை ஆகிய இரு வட்டங்களைக் குறிக்கும். கல்குளமும் விளவங்கோடும் வேணாட்டுப் பகுதியைச் சார்ந்தவை. எனினும் 1956இல் நான்கு வட்டங்களும் ஒரே சட்டப் பிரிவின் கீழ் ஒரு மாவட்டமாக அமைக்கப்பட்டமையால், நாஞ்சில் நாட்டை மையமாகக் கொண்டு நான்கு வட்டங்களையும் இக்கட்டுரை கருத்தில் கொள்கிறது. அதே நாளில் சென்னை மாநிலத்திற்கு வந்த செங்கோட்டை வட்டப் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது.

ஆசிரியர் உரிமம் என்பதன் பொருள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒவ்வொரு மாநிலமும் ஆசிரியருக்குத் தனியே உரிமம் வழங்குகிறது. ஒரு மாநிலத்தின் உரிமத்தை மற்றொரு மாநிலம் கருதுவதற்கு மாநிலங்களுக்கிடையே உடன்பாடுகள் உள்ளன. இந்தியாவில் அத்தகைய தனி உரிமத் தாள் வழக்கில் இல்லை. ஆயினும் உரிமம் செய்யும் பணியை இங்கு மூன்று ஆவணங்கள் பகிர்ந்து செய்துவந்தன. முதலாவது, பயிற்சிச் சான்றிதழ் அல்லது பட்டம். இரண்டாவது, நியமன ஆணையும் அதன் தொடர்ச்சியான பணிப்பதிவேடும். மூன்றாவது, ஆசிரியர் பணியாற்றும் பள்ளிக்கு அரசு வழங்கும் ஏற்பு. ஏற்பு இல்லாத பள்ளியில் பணியாற்றும் ஆசிரியரின் பயிற்சிச் சான்றிதழ் செல்லத்தக்கதாயினும், அரசின் நிதியுதவிக்கு அது வழிவகுக்காது.

சென்னை மாகாணத்தில் கல்வித் துறை வழங்கிய பயிற்சிச் சான்றிதழை நிறுத்திவைக்கவும் நீக்கவும் துறைக்கு அதிகாரம் இருந்தது. தேர்ச்சிக்குக் கிடைத்த பட்டத்தினின்று அச்சான்றிதழை வேறுபடுத்துவது இவ்வதிகாரமே. வழங்கியவர் திரும்பப் பெறக்கூடிய ஆவணம் உரிமத்தின் தன்மை கொண்டது. அவ்வாறாயின், வழங்கிய அரசின் ஆட்சி அப்பகுதியிலிருந்து நீங்கும்போது அவ்வுரிமத்திற்கு யார் பொறுப்பு என்னும் வினா எழுகிறது. 1956 இவ்வினாவை ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒரே நாளில் எழுப்பியது.

1956க்கு முந்தைய கல்விச் சூழல்

தென் திருவிதாங்கூரின் நவீனக் கல்வி இரு வழிகளில் வளர்ந்தது. இலண்டன் மிசன் சங்கத்தின் ரிங்கல்தொபே 1806இல் இப்பகுதிக்கு வந்து மயிலாடியை மையமாகக் கொண்டு பணியாற்றினார். அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் காலத்தில் நாகர்கோவில் கல்வி மையமாயிற்று. அங்கு உருவான செமினரி, 1893இல் கல்லூரி நிலையை அடைந்து பின்னர் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. மறுபுறம், 1817இல் இராணி கௌரி பார்வதி பாய் வெளியிட்ட ஆணை, கல்விச் செலவை அரசு ஏற்க வேண்டும் என்னும் கொள்கையை முன்வைத்தது. 1860களில் திவான் டி. மாதவ ராவ் காலத்தில் தாய்மொழிப் பள்ளிகளுக்கென அரசின் நிர்வாக அமைப்பு உருவாயிற்று. அரசுப் பள்ளியும் நிதியுதவி பெறும் தனியார் பள்ளியும் அருகருகே இயங்கும் அமைப்பு இவ்வாறு நிலைபெற்றது.

ஆசிரியர் தகுதியைப் பொறுத்தவரை, நாஞ்சில் நாட்டவரின் பாதை திருவனந்தபுரத்தை நோக்கியே அமைந்தது. தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ஆசிரியப் பணி இதற்குத் தக்க சான்றாகும். அவர் கோட்டாறு தொடக்கப்பள்ளியிலும் நாகர்கோவில் போதனா முறைப் பாடசாலையிலும் பணியாற்றி, பின்னர் திருவனந்தபுரத்தில் பெண்களுக்கான போதனா முறைப் பாடசாலையிலும் மகளிர் கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். கோட்டாற்றிலிருந்து திருவனந்தபுரத்திற்கு அவர் சென்றது ஒரே அரசின் பணிக்குள் நிகழ்ந்த இயல்பான இடமாற்றம். 1954 செப்டம்பரில் அவர் மறைந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே பாதையின் குறுக்கே களியக்காவிளையில் மாநில எல்லை அமைந்தது.

பட்டம் வழங்கும் அதிகாரம் இப்பாதையோடு எப்போதும் ஒத்துச் செல்லவில்லை. 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்படும்வரை, திருவிதாங்கூரின் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருந்தன. எல்.டி. எனச் சுருங்க வழங்கிய ஆசிரியப் பட்டமும் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையதே. இச்சுருக்கத்தின் விரிவில் உரிமம் பெற்றவர் என்னும் பொருள் வெளிப்படையாகவே உண்டு. ஆகவே 1937க்கு முன் எல்.டி. பெற்ற நாஞ்சில் நாட்டு ஆசிரியர், சென்னையின் பட்டத்தைக் கொண்டு திருவிதாங்கூர் அரசின் கீழ்க் கற்பித்தவர். அதன்பின் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர், 1956இல் திருவிதாங்கூரின் பட்டத்தைக் கொண்டு சென்னையின் கீழ்க் கற்பிக்கும் நிலைக்கு வந்தார். ஒரே பள்ளியின் ஆசிரியர் அறையில் இவ்விரு தலைமுறையினரும் அமர்ந்திருக்கக்கூடும். மூத்தவரின் பட்டம் சென்னைக்கு அறிமுகமானது. இளையவரின் பட்டமோ ஒப்பிட்டு ஏற்கப்பட வேண்டியது.

பதவிப் பெயர்களிலும் இவ்வேறுபாடு இருந்தது. திருவிதாங்கூர்ப் பள்ளிகளில் மொழியாசிரியர் முன்ஷி எனப்பட்டார். சென்னை மாகாணத்தில் அவர் பண்டிதர். பெயரளவில் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, ஊதியப் படிநிலையில் அவரை எங்கு நிறுத்துவது என்னும் கேள்வியாக மாறும்போது சிறிதன்று.

பதவியைக் கடத்திய சட்டம்

1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டம், நான்காம் பிரிவின் வாயிலாக நான்கு வட்டங்களையும் சென்னை மாநிலத்தில் சேர்த்து, அவற்றைக் கன்னியாகுமரி மாவட்டம் என்னும் தனி மாவட்டமாக்கியது. பணியாளர்களைப் பொறுத்து 115, 116 ஆகிய பிரிவுகள் முதன்மையானவை.

நிலப்பரப்பின் ஒரு பகுதியை இழந்த மாநிலத்தின் பணியாளர்கள், வேறு ஆணை இல்லாதவிடத்து, முதன்மை வாரிசு மாநிலத்தில் தற்காலிகமாகத் தொடர்வர் என்பது 115ஆம் பிரிவின் பொது விதி. திருவிதாங்கூர்-கொச்சிக்கு முதன்மை வாரிசு மாநிலம் கேரளம். இறுதியில் எவர் எந்த மாநிலத்திற்கு உரியவர் என்பதை நடுவணரசு ஆணையின் வழி முடிவு செய்யும். மற்றொருபுறம், மாற்றப்பட்ட நிலப்பரப்பில் ஒரு பதவியில் இருந்தவர், அப்பதவி நீங்காதவரை, புதிய மாநிலத்திலும் அதே பதவியில் முறையாக நியமிக்கப்பட்டவராகக் கருதப்படுவார் என 116ஆம் பிரிவு கூறியது.

இவ்விரு பிரிவுகளையும் நாகர்கோவிலில் பணியாற்றிய ஓர் அரசுப் பள்ளி ஆசிரியருக்குப் பொருத்திப் பார்க்கலாம். 1956 அக்டோபர் 31 அன்று அவர் திருவிதாங்கூர்-கொச்சி அரசின் ஊழியர். மறுநாள் அவருடைய பதவி சென்னை மாநிலத்தினுடையது. அதில் அவர் தொடர்வதற்குப் புதிய நியமன ஆணை தேவையில்லை. ஆயினும் இறுதி ஒதுக்கீட்டு ஆணை வரும்வரை அவருடைய நிலை தற்காலிகமானது. அதே நாளில் திருவனந்தபுரத்திலோ கொல்லத்திலோ பணியாற்றிக்கொண்டிருந்த தோவாளைக்காரர், சொந்த ஊர் சென்னை மாநிலத்திற்குப் போய்விட்டபோதும், கேரளத்தின் பணியாளராகவே தொடர்ந்தார். சட்டம் பதவி இருந்த இடத்தைப் பார்த்தது. பிறந்த ஊரையோ தாய்மொழியையோ தானாகக் கருதவில்லை.

115ஆம் பிரிவின் ஏழாம் உட்பிரிவு இன்றியமையாத ஒரு காப்பை வழங்கியது. மாற்றப்பட்ட பணியாளரின் பணி நிபந்தனைகளை, நடுவணரசின் முன் ஒப்புதலின்றி, அவருக்குப் பாதகமாக மாற்றலாகாது என்பதே அது. இக்காப்பின் எல்லையை 1964இல் உச்ச நீதிமன்றம் இராகவேந்திர ராவ் வழக்கில் வரையறுத்தது. அவர் சென்னை மாநிலத்தின் தென் கன்னட மாவட்டத்திலிருந்து மைசூர் மாநிலத்திற்கு மாற்றப்பட்ட அரசு ஊழியர். ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம் போன்றவற்றைக் காத்து, ஏனையவற்றில் மாநிலங்கள் விதிகளை மாற்றிக்கொள்ள நடுவணரசு 1957இல் வெளியிட்ட குறிப்பாணையே முன் ஒப்புதலாகும் என நீதிமன்றம் கருதியது. இதன் விளைவாக, பதவி உயர்வு விதிகள் புதிய மாநிலத்தின் கையில் அமைந்தன. எல்லை கடந்த ஆசிரியரின் அன்றைய ஊதியம் காக்கப்பட்டது. அவருடைய நாளைய பதவிக்கு அதே அளவு காப்பு இல்லை.

தகுதியை ஒப்பிடுதல்

பதவி கடந்தபின் எழும் சிக்கல் பணிமூப்பு. வெவ்வேறு அரசுகளின் கீழிருந்த பணியாளர்களை ஒரே பட்டியலில் வரிசைப்படுத்த, எந்தப் பதவி எதற்கு நிகர் என முதலில் தீர்மானிக்க வேண்டும். 1956 மே மாதத்தில் கூடிய தலைமைச் செயலாளர்கள் மாநாட்டில் இதற்கு நான்கு அளவைகள் ஏற்கப்பட்டன. பதவியின் தன்மையும் கடமைகளும், அதற்குரிய பொறுப்பும் அதிகாரமும், நியமனத்திற்கு வகுக்கப்பட்ட குறைந்தபட்சத் தகுதி, ஊதியம் ஆகியனவே அவை.

இவற்றுள் தகுதி மூன்றாவதாக நிற்பது கருதத்தக்கது. வருவாய்த் துறை எழுத்தருக்கு இது பெரிய சிக்கலன்று. ஆசிரியருக்கோ தகுதியே பதவியின் அடிப்படை. இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், மொழியாசிரியர் என்னும் பகுப்புகள் அனைத்தும் எந்தத் தேர்வில் தேர்ந்தார், எந்தப் பயிற்சி பெற்றார் என்பதைக் கொண்டே அமைகின்றன. திருவிதாங்கூரின் பள்ளி இறுதித் தேர்வும் பயிற்சித் தேர்வும் சென்னை மாநிலத்தின் தேர்வுகளுக்கு எந்த அளவில் நிகரானவை என்பதை மறுசீரமைப்புச் சட்டம் கூறவில்லை. அது கூறவேண்டிய பொருளுமன்று. அரசமைப்பின்படி அன்று கல்வி மாநிலப் பட்டியலைச் சார்ந்தது. ஆகவே நிகர்மை வழங்குவது சென்னைக் கல்வித் துறையின் அதிகாரத்திற்கு உட்பட்டதாயிற்று.

சட்டங்களின் தொடர்ச்சிக்கும் ஒரு வழி வகுக்கப்பட்டிருந்தது. மாற்றப்பட்ட நிலப்பரப்பில் நடைமுறையிலிருந்த சட்டங்கள், உரிய சட்டமன்றம் மாற்றும்வரை தொடரும் என 119ஆம் பிரிவு கூறியது. இதன்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவிதாங்கூர்ச் சட்டங்கள் சென்னை மாநில ஆட்சியிலும் உயிர்பெற்றிருந்தன. மாற்றப்பட்ட நிலப்பரப்பிற்குச் சென்னைச் சட்டங்களை விரிவாக்கும் சட்டங்கள் 1957இலும் 1960இலும் இயற்றப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் ஆட்சி ஒன்று, சட்டம் மற்றொன்று என்னும் நிலை நிலவியது. கல்வி நிர்வாகத்தில் பள்ளி ஆய்வாளர் சென்னை அரசின் அலுவலர். அவர் ஆய்வு செய்த பள்ளியோ திருவிதாங்கூர் விதிகளின்கீழ் ஏற்புப் பெற்றது.

உதவிபெறும் பள்ளி ஆசிரியர்

இதுவரை கூறிய சட்டக் காப்புகள் அனைத்தும் அரசின் பணியாளருக்கு உரியவை. இம்மாவட்டத்தின் கல்வி மரபில் கிறித்தவச் சபைகளும் பிற சமூக அமைப்புகளும் நடத்திய உதவிபெறும் பள்ளிகளுக்குப் பெரும் இடமுண்டு. இப்பள்ளிகளின் ஆசிரியர் அரசிடமிருந்து நிதி பெறும் பள்ளியின் ஊழியரேயன்றி அரசின் ஊழியரல்லர். 115ஆம் பிரிவின் காப்பு அவரைச் சேராது. அவருடைய நிலை, பள்ளியின் ஏற்பும் நிதியுதவியும் எல்லை கடப்பதைப் பொறுத்தே அமைந்தது.

திருவிதாங்கூர்-கொச்சியில் இவ்வாசிரியர்களின் நிலை அண்மையில்தான் மாறத் தொடங்கியிருந்தது. 1945-46இல் திவான் சி. பி. இராமசாமி ஐயர் தொடக்கக் கல்வியை அரசின் பொறுப்பில் கொண்டுவர முயன்றபோது கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. 1950களின் தொடக்கத்தில் பனம்பிள்ளி கோவிந்த மேனன் கொணர்ந்த திட்டம், தனியார் பள்ளிகளின் கட்டண வருவாயில் பெரும்பங்கை அரசு பெற்று, ஆசிரியர் ஊதியத்திற்கு அரசே பொறுப்பேற்கும் முறையை முன்வைத்தது. மேலாளரின் விருப்பத்தைச் சார்ந்திருந்த ஊதியம், அரசின் கடமையாக மாறும் திசையில் அது ஒரு படி.

1956க்குப் பின் இத்திசை இரண்டாகப் பிரிந்தது. கேரளத்தில் சோசப் முண்டசேரி 1957இல் கொணர்ந்த கல்வி மசோதா, உதவிபெறும் பள்ளி ஆசிரியரின் நியமனம், ஊதியம், பணிப் பாதுகாப்பு ஆகியவற்றைச் சட்டத்தின் வரம்பிற்குள் கொண்டுவந்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நீதிமன்றம் 1958 மே 22 அன்று கருத்துரைத்தது. திருத்தங்களோடு மசோதா சட்டமாகி 1959இல் நடைமுறைக்கு வந்தது. அதனையொட்டி எழுந்த விமோசன சமரமும், 1959 ஜூலை 31 அன்று அமைச்சரவை நீக்கப்பட்டதும் நன்கறிந்தவை. ஆட்சி நீங்கிய பின்னும் சட்டம் நின்றது. உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு அரசே நேரடியாக ஊதியம் வழங்கும் ஏற்பாடு நிலைத்தது.

பாறசாலையில் கற்பித்த உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு இச்சட்டம் கிடைத்தது. சில கல் தொலைவில் குழித்துறையில் கற்பித்தவருக்குக் கிடைக்கவில்லை. அவர் சென்னைக் கல்வி விதிகளின் கீழும் மானிய விதிகளின் கீழும் வந்தார். அங்கு மேலாளருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான ஒப்பந்தமே பணி உறவின் அடிப்படை. ஆயினும் இதனை இழப்பென்று மட்டும் கருதுதல் பொருந்தாது. சென்னை மாநிலம் 1955இல் சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகிய மூன்றையும் இணைத்த திட்டத்தை உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கெனத் தொடங்கியிருந்தது. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலம் அது. முதுமையில் கைவிடப்பட்ட தனியார் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வூதியம் என்பது அன்றைய இந்தியாவில் முன்னோடி முயற்சி. கேரளத்தில் பணிப் பாதுகாப்பு முந்தியது. சென்னையில் ஓய்வுக்காலப் பாதுகாப்பு முந்தியது. தமிழ்நாட்டில் உதவிபெறும் பள்ளி ஆசிரியரை முன் அனுமதியின்றி நீக்குவதைத் தடுக்கும் சட்டக் காப்பு, 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியே முழு வடிவம் பெற்றது.

பள்ளிகளை நடத்திய அமைப்புகளின் எல்லைகளும் இதனோடு தொடர்புடையவை. கோட்டாறு கத்தோலிக்க மறைமாவட்டம் கொல்லத்திலிருந்து 1930இலேயே பிரிக்கப்பட்டிருந்தது. அங்கு நிர்வாக எல்லை மாநில எல்லைக்கு 26 ஆண்டுகள் முந்தியது. தென்னிந்தியத் திருச்சபையில் தென் கேரளம், கன்னியாகுமரி என்னும் பிரிவு 1959இல் நிகழ்ந்தது; அங்கு மாநில எல்லைக்குப் பின்னரே நிர்வாக எல்லை வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரே நிர்வாகத்தின் பள்ளிகள் இரு மாநிலங்களின் விதிகளுக்கு உட்பட்டிருந்தன. ஒரு பள்ளியிலிருந்து அதே நிர்வாகத்தின் மற்றொரு பள்ளிக்கு ஆசிரியரை மாற்றுவதென்பது, அதற்கு முன் நிர்வாகத்தின் உள் விவகாரம். இப்போது அது மாநில எல்லையைக் கடக்கும் செயலாக மாறிவிட்டது.

மொழி என்னும் தகுதி

ஆசிரியர் தகுதியின் கூறுகளில் எளிதில் ஒப்பிட இயலாதது பயிற்றுமொழி. விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில் மலையாளம் பேசுவோர் குறிப்பிடத்தக்க அளவில் வாழ்ந்தனர். 1956க்கு முன் மலையாளத்தில் கற்பித்த ஆசிரியர், அரசின் பெரும்பான்மை மொழியில் கற்பித்தவர். நவம்பர் 1 முதல் அவர் சிறுபான்மை மொழியின் ஆசிரியர். அவருடைய சான்றிதழில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் அதன் மதிப்பு, அது செல்லுபடியாகும் பள்ளிகளின் எண்ணிக்கையோடு சுருங்கியது. தமிழ் முன்ஷியின் நிலை இதற்கு நேர்மாறு. திருவிதாங்கூரில் தென்கோடி வட்டங்களோடு பெரும்பாலும் அடங்கிய அவருடைய தகுதிக்கு, ஒரு மாநிலம் முழுவதும் களமாயிற்று.

மொழிச் சிறுபான்மையினருக்கான காப்புகள் மறுசீரமைப்போடு சேர்ந்தே வகுக்கப்பட்டன. அரசமைப்பின் ஏழாம் திருத்தம், தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யுமாறு கூறும் 350அ கூற்றையும், மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அலுவலரை அமைக்கும் 350ஆ கூற்றையும் சேர்த்தது. நடைமுறை அளவை, 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு வகுத்ததாகும். பள்ளி முழுவதிலும் 40 மாணவரோ, ஒரு வகுப்பில் 10 மாணவரோ இருப்பின் அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும்.

இவ்வளவையை மாணவர் உரிமையாகவே பொதுவாக வாசிக்கிறோம். ஆசிரியரின் பக்கமிருந்து வாசித்தால் இதுவே அவருடைய பணியிடத்தின் அளவையுமாகும். வகுப்பில் மாணவர் எண்ணிக்கை பத்திற்குக் கீழ்ப் போனால், சான்றிதழும் பணிப்பதிவேடும் செம்மையாக இருப்பினும், பணியிடத்திற்கான காரணம் நீங்கிவிடும். ஊர்மக்கள் தம் பிள்ளைகளை எந்த மொழிப் பிரிவில் சேர்க்கிறார்கள் என்னும் முடிவு, ஓர் ஆசிரியரின் தகுதி உயிருடன் இருக்குமா என்பதைத் தீர்மானித்தது. அரசு வழங்கிய உரிமத்தை அரசே நீக்காமல், காலமும் சேர்க்கைப் பதிவேடும் நீக்கும் நிலை இது.

இதே நாளில் எதிர்த்திசையில் நிகழ்ந்த மாற்றத்தையும் உடன் நோக்க வேண்டும். சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டமும் காசர்கோடு வட்டமும் கேரளத்திற்குச் சென்றன. சென்னைப் பயிற்சிச் சான்றிதழ் கொண்ட பாலக்காட்டுத் தமிழாசிரியர், நாகர்கோவில் ஆசிரியர் சந்தித்த வினாக்களையே தலைகீழாகச் சந்தித்தார். ஆகவே நிகர்மை என்பது ஒரு மாநிலம் மற்றொன்றுக்கு அளித்த சலுகையாக அமையவில்லை. இரு மாநிலங்களும் ஒன்றன் சான்றிதழை மற்றொன்று ஏற்கவேண்டிய தேவையில் ஒருசேர நின்றன.

பல்கலைக்கழகங்கள்

உயர்கல்வியில் மாற்றத்தின் வடிவம் வேறு. ஸ்காட் கிறித்தவக் கல்லூரியும், 1952இல் தொடங்கிய தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. அப்பல்கலைக்கழகம் 1957இல் கேரளப் பல்கலைக்கழகமாக உருமாறியது. நாகர்கோவில் கல்லூரிகள் மாநில மறுசீரமைப்பின் விளைவாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வந்து, 1966இல் மதுரைப் பல்கலைக்கழகத்திற்கும், 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திற்கும் மாறின. ஸ்காட் கல்லூரி தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றது என்பதையும் சேர்த்தால், இடம் பெயராத ஒரு கல்லூரி ஒரு நூற்றாண்டிற்குள் நான்கு முறை பல்கலைக்கழகம் மாறியது தெளிவாகும். இம்மாவட்டத்து ஆசிரியரின் பட்டச் சான்றில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் உள்ளது என்பது, அவர் எங்குப் படித்தார் என்பதைக் காட்டிலும் எந்த ஆண்டில் படித்தார் என்பதையே உணர்த்துகிறது.

பல்கலைக்கழக ஆசிரியர்க்கு எல்லை ஓரளவு நெகிழ்ந்தே இருந்தது. நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம், எல்லை மாறிய பின்னும் திருவனந்தபுரத்திலேயே தொடர்ந்து, கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையையும் மொழியியல் துறையையும் வளர்த்தார். 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். ஆய்வுத் தகுதியை மாநிலங்கள் எளிதில் ஏற்றன. தொடக்கப்பள்ளி ஆசிரியரின் சான்றிதழுக்கு இந்நெகிழ்ச்சி கிட்டுவதில்லை. கல்விப் படிநிலையில் கீழே செல்லச் செல்லத் தகுதி அதை வழங்கிய அரசோடும் மொழியோடும் இறுகப் பிணைந்திருப்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

இன்றைய நிலையுடன் ஒப்பீடு

1976ஆம் ஆண்டின் 42ஆம் அரசமைப்புத் திருத்தம் கல்வியைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமச் சட்டம் 1993இல் இயற்றப்பட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின் கீழ் இக்குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கை, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் ஆசிரியருக்கு நாடு முழுவதற்கும் பொதுவான குறைந்தபட்சத் தகுதியை வகுத்து, தகுதித் தேர்வையும் அதன் பகுதியாக்கியது. தமிழ்நாடும் கேரளமும் 2012 முதல் தத்தம் தகுதித் தேர்வுகளை நடத்தி வருகின்றன. பணியிலிருக்கும் ஆசிரியருக்கும் இத்தேர்வு பொருந்தும் என 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், தகுதி என்பது பதவிக்குப் பிந்தியும் வினவப்படும் பொருளாகியுள்ளது.

இவ்வாறு தகுதியின் அளவு நாடளாவியதாக இருப்பினும், களியக்காவிளையைக் கடக்கும் ஆசிரியருக்குப் பதவி உடன் வருவதில்லை. மறு மாநிலத்தில் அவர் பொதுவாகப் புதிய நியமனத்தையே பெறவேண்டும். பட்டத்திற்கு இணைத்தன்மைச் சான்று, மொழித் தகுதி, அம்மாநிலத் தெரிவு முறை ஆகியன அவர்முன் நிற்கின்றன, பணிமூப்பு பின்தங்கிவிடுகிறது. தமிழ்நாட்டுத் தகுதித் தேர்வில் மலையாளமும், கேரளத் தகுதித் தேர்வில் தமிழும் மொழித்தாளாக இடம்பெற்றிருப்பது, 1956 விட்டுச்சென்ற மொழிச் சிறுபான்மையினரின் இருப்பை இன்றும் நினைவூட்டுகிறது.

முடிவுரை

நாஞ்சில் நாட்டின் அனுபவத்திலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, ஆசிரியர் உரிமம் ஒற்றை ஆவணமாகக் கடப்பதில்லை. பதவி, தகுதி, பள்ளியின் ஏற்பு, மொழி என்னும் கூறுகள் வெவ்வேறு வேகத்தில் கடக்கின்றன. 1956இல் பதவி ஒரே நள்ளிரவில் கடந்தது. சட்டங்கள் கடக்கச் சில ஆண்டுகளாயின. மொழிக் கூறு முழுமையாகக் கடக்கவேயில்லை. இரண்டாவது, மாற்றச் சட்டங்கள் அரசின் ஊழியரை மட்டுமே கருதுகின்றன. அரசின் நிதியில் அரசின் பாடத்தைக் கற்பித்தும் அரசின் ஊழியராகாத உதவிபெறும் பள்ளி ஆசிரியர், காப்பின் வெளியே நின்றார். ஆந்திரப் பிரிவினை முதல் அண்மைய மாநிலப் பிரிவினைகள் வரை இக்கோணத்தில் ஆராய இடமுண்டு. மூன்றாவது, தகுதியைப் பொதுவாக்குவது மட்டும் ஆசிரியரின் இடமாற்ற உரிமையை உறுதி செய்யாது. அன்று பதவிக்குக் கிடைத்த சட்டக் காப்பு தகுதிக்குக் கிடைக்கவில்லை. இன்று தகுதிக்குக் கிடைத்துள்ள நாடளாவிய ஏற்பு பதவிக்குக் கிடைக்கவில்லை.

கன்னியாகுமரி மாவட்டப் பள்ளிகளின் பழைய பணிப்பதிவேடுகளும் சேர்க்கைப் பதிவேடுகளும் நிர்வாக வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாகக் கருதித் தொகுக்கப்பட வேண்டியவை. முன்ஷி என எழுதப்பட்ட பக்கத்தை அடுத்துப் பண்டிதர் என எழுதப்பட்ட பக்கம் வரும் இடத்திலேயே, ஒரு மாநிலம் மற்றொன்றாக மாறியதன் பொருள் தனிமனித அளவில் பதிவாகியிருக்கும்.